‘அவவுக்கு நிக்கிற காலமல்லோ!’: பெண்களின் ஓமோன்களும் உதவும் மனமும்

நுண்கடன் பற்றி எழுதுவதற்காகக் கிளிநொச்சி மாவட்டத்தின் ஒரு கிராமத்தில் மாதர் சங்கக் கூட்டமொன்றுக்குப் போயிருந்தேன். பொதுநோக்கு மண்டபத்தில் முப்பது பேர் வரை இருந்தார்கள். நுண்கடன் நிறுவனமொன்றிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர் குழுக்கடன் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். ஐந்து பேர் சேர்ந்து ஒரு குழு. ஒருவர் கட்டத் தவறினால் மற்ற நால்வரும் சேர்ந்து கட்டவேண்டும். “ஏன் ஆம்பிளையளுக்குக் குடுக்கிறேல்லை?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். அவர் சிரித்தபடி, “பொம்பிளையளுக்கு இயல்பிலேயே ஒருத்தருக்கு ஒருத்தர் உதவுற குணம் இருக்குதல்லோ அம்மா” என்றார்.

கூட்டம் முடிகிற நேரத்தில் ஒரு இளம் தாய் அந்தக் குழுவில் சேர்ந்து கையெழுத்து வைக்கும்படி ஒரு அக்காவிடம் கேட்டார். அந்த அக்காவுக்கு நாற்பத்தொன்பது வயது. பத்து வருடமாகச் சங்கத்தின் பொருளாளர். இறுதி யுத்தத்தில் கணவரை இழந்தவர். செத்தவீடு, சாமத்தியவீடு, ஆஸ்பத்திரி என்று ஊரில் எதுவென்றாலும் முதலில் போய் நிற்பவர் என்றுதான் எனக்கு அறிமுகப்படுத்தியிருந்தார்கள். அவர் கையெழுத்து வைக்க மறுத்தார். கொஞ்சம் கோபமாகவே மறுத்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் என் காதுக்குள் சொன்னார்: “அவவுக்கு நிக்கிற காலமல்லோ, அதுதான் இப்பிடி மாறிப்போனா.”

பெண் உதவினால் அது அவள் இயல்பு. உதவ மறுத்தால் அது அவளுடைய தீட்டு நிற்கிற காலம். ஒரே மண்டபத்தில் ஒரு மணித்தியாலத்துக்குள் இரண்டையும் கேட்டேன். இரண்டுமே பெண்ணின் முடிவை அவளிடமிருந்து எடுத்து உடம்பிடம் கொடுத்துவிடுகின்றன. உண்மையில் ஓமோன்களுக்கும் நாங்கள் பிறருக்கு உதவுவதற்கும் என்ன தொடர்பு? நான் மருத்துவம் படித்தவள் அல்ல. படித்தது ஊடகக் கற்கை. ஆனாலும் இந்தக் கேள்வி விடவில்லை. சில மாதங்களாக ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி வாசித்தேன். விளங்காத இடங்களை வைத்தியராக இருக்கும் நண்பியிடம் கேட்டேன்.

முதலில் உடம்பில் நடப்பதைப் பார்ப்போம். சாதாரணதர விஞ்ஞானப் புத்தகத்தில் இருந்த பாடம்தான். எங்கள் பாடசாலையில் அந்தப் பக்கங்களை “வீட்டில வாசியுங்கோ” என்று சொல்லிக் கடந்துபோனார்கள்.

மாதவிடாய் வட்டம் பொதுவாக 28 நாட்கள் என்பார்கள். 21 முதல் 35 நாட்கள் வரை இருந்தாலும் பிரச்சினை இல்லை. இரத்தம் போகும் நாட்களில் ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்டரோன் ஆகிய இரண்டு ஓமோன்களும் மிகக் குறைவாக இருக்கும். பிறகு ஈஸ்ட்ரஜன் படிப்படியாக ஏறி, முட்டை வெளியேறுவதற்குச் சற்று முன்னர் உச்சத்தைத் தொடும். முட்டை வெளியேறிய பின்னர் புரொஜெஸ்டரோன் ஏறும். கரு தங்காவிட்டால் இரண்டும் விழும். அந்த விழுகையோடு அடுத்த மாதவிடாய் வரும்.

இந்த ஓமோன்கள் கருப்பையோடு நின்றுவிடுவதில்லை. இரத்தத்தில் கலந்து மூளைக்கும் போகின்றன. உணர்ச்சி, நித்திரை, நினைவு ஆகியவற்றோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளில் இவற்றை ஏற்கும் வாங்கிகள் இருக்கின்றன. புரொஜெஸ்டரோன் உடைந்து உருவாகும் ஒரு பொருள் மூளையை அமைதிப்படுத்தும் தொகுதியில் வேலை செய்கிறது. அதன் ஏற்ற இறக்கத்துக்குச் சில பெண்களின் மூளை மிகக் கூடுதலாகத் துலங்குகிறது. மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் அவர்களுக்குக் கடுமையான மனச்சோர்வும் எரிச்சலும் வரும். வேலைக்குப் போகமுடியாத அளவுக்கும் வரும். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைநூல் 2013 முதல் இதைத் தனியான ஒரு நோயாகவே குறிப்பிடுகிறது. நூறு பெண்களில் ஒரு சிலருக்குத்தான் இந்த அளவுக்கு இருக்கும். அவர்களுக்கு இது நடிப்பல்ல, சாட்டும் அல்ல. மருந்து உண்டு.

ஆகவே ‘ஓமோனாவது மண்ணாவது’ என்று தள்ளிவிட முடியாது. மனநிலை மாறுகிறது, நித்திரை மாறுகிறது, நோவு இருக்கிறது. ஆனால் மனநிலை மாறுவது வேறு, மற்றவர் மீதான அக்கறை மாறுவது வேறு. நான் தேடியது இரண்டாவதை.

உதவும் மனத்தை எப்படி அளப்பது? ஆய்வாளர்கள் பெரும்பாலும் காசு விளையாட்டுகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். உங்கள் கையில் ஆயிரம் ரூபா தரப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அறையில் முகம் தெரியாத ஒருவர் இருக்கிறார். அவருக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்? இது ஒரு விளையாட்டு. இன்னொன்றில், நீங்கள் கொடுக்க முன்வரும் பங்கை அவர் ஏற்றால் இருவருக்கும் காசு கிடைக்கும், மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை.

2015ஆம் ஆண்டு ஜேர்மனிய ஆய்வாளர்கள் இப்படியான பங்கீட்டுக் கேள்விகளை மாதவிடாய் வட்டத்தின் வெவ்வேறு நாட்களில் இருந்த பெண்களிடம் கேட்டு முடிவுகளை வெளியிட்டார்கள். எந்த நாட்களில் பெண்கள் கூடுதலாகப் பகிர விரும்பினார்கள் தெரியுமா? ஓமோன்கள் குறைந்திருக்கும் மாதவிடாய்க் காலத்தையும் அதை ஒட்டியும் வரும் நாட்களில். எந்த நாட்களில் ‘அவளோட கதைக்காதை’ என்று சொல்லி ஒதுக்கிவைக்கிறோமோ, அந்த நாட்களில். வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மம்மா வீட்டில் பின்விறாந்தையில் தனியாக இருத்தி, தனிக் கோப்பையில் தேத்தண்ணி தந்த நாட்கள் ஞாபகம் வந்தன.

ஆனால் இந்த ஒரு ஆய்வைப் பிடித்துக்கொண்டு எழுதினால் நான் சரியான ஊடகவியலாளர் இல்லை. வேறு ஆய்வுகள் வேறு நாட்களைக் காட்டின. சில ஆய்வுகள் வித்தியாசம் எதையும் காணவில்லை. இந்தத் துறையின் பழைய ஆய்வுகள் பலவற்றில் கலந்துகொண்டவர்களின் எண்ணிக்கை குறைவு. எத்தனையாவது நாள் என்பதைப் பெண்ணின் ஞாபகத்தை வைத்தே கணித்திருக்கிறார்கள், இரத்தத்தைச் சோதித்தல்ல. வித்தியாசம் இருந்த இடங்களிலும் அது சிறியது. கொடுக்கிற பெண் மற்ற நாளில் கொடுக்காத பெண்ணாக மாறிவிடவில்லை.

அப்படியானால் ஓமோனை நேரடியாகக் கொடுத்துப் பார்த்தால்? அதையும் செய்திருக்கிறார்கள். சுவீடனில் 50க்கும் 65க்கும் இடைப்பட்ட, மாதவிடாய் நின்றுபோன ஏறத்தாழ 200 பெண்கள் கலந்துகொண்டார்கள். நான்கு கிழமைகள் ஒரு பகுதியினருக்கு ஈஸ்ட்ரஜன், இன்னொரு பகுதியினருக்கு டெஸ்டஸ்டரோன், மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெறும் குளிசை. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. பிறகு காசு விளையாட்டுகள். கொடுக்கும் மனம், நம்பிக்கை, நியாய உணர்வு எல்லாவற்றையும் அளந்தார்கள். 2009இல் வெளிவந்த முடிவு: குழுக்களுக்கிடையில் வித்தியாசம் இல்லை. ஈஸ்ட்ரஜன் எடுத்தவர் கூடுதலாக இரங்கவும் இல்லை, எடுக்காதவர் கல்நெஞ்சக்காரியாகவும் இல்லை. பக்கத்தில் இருந்து காதுக்குள் சொன்ன அந்தப் பெண்ணுக்கு இதைச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அடுத்த வருடம், 2010இல், சுவிற்சர்லாந்தின் சூரிச்சிலிருந்து வந்தது. டெஸ்டஸ்டரோன் என்றால் ஆண்களின் ஓமோன், முரட்டுத்தனம், சுயநலம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பெண்களின் உடம்பிலும் அது சிறிதளவு சுரக்கிறது. 120இற்கு மேற்பட்ட இளம் பெண்களில் சிலருக்கு நாக்கின் கீழ் சிறிதளவு டெஸ்டஸ்டரோனும் மற்றவர்களுக்கு வெறும் மருந்தும் கொடுத்து, ஏற்கலாம் அல்லது மறுக்கலாம் என்ற அந்த இரண்டாவது விளையாட்டை விளையாடவிட்டார்கள். டெஸ்டஸ்டரோன் எடுத்தவர்கள் சுயநலமாக நடந்தார்களா? இல்லை. மற்றவர்களைவிட நியாயமான பங்கையே கொடுக்க முன்வந்தார்கள். விளையாட்டுக்குப் பிறகு, “உங்களுக்கு எது தரப்பட்டது என்று நினைக்கிறீர்கள்?” எனக் கேட்டார்கள். ‘எனக்கு டெஸ்டஸ்டரோன்தான் தந்தார்கள்’ என்று நம்பிய பெண்கள், உண்மையில் எதை எடுத்திருந்தாலும், குறைந்த பங்கையே கொடுக்க முன்வந்திருந்தார்கள்.

இதை நான் இரண்டு தரம் வாசித்தேன். ஓமோன் ஒரு பக்கம் இழுத்தது. ஓமோன் பற்றிய ஊர்க்கதை மற்றப் பக்கம் இழுத்தது. நடத்தையைக் கெடுத்தது இரசாயனம் அல்ல, ‘இந்த இரசாயனம் எடுத்தால் நான் இப்படித்தான் நடப்பேன்’ என்ற எண்ணம். இது வெளியிலிருந்து கொடுக்கப்பட்ட ஓமோன், உடம்பில் தானாக ஏறி இறங்குவது வேறு என்பது சரிதான். ஆனாலும் எங்கள் ஊர்களில் பெரியபிள்ளையான நாளிலிருந்து ஒரு பெண்ணின் காதில் விழுகிற கதைகளை எண்ணிப் பாருங்கள். ‘அந்த நாளில எரிச்சல் வரும்’, ‘பிள்ளை பிறந்தால் தானாகப் பாசம் வரும்’, ‘நிண்டுபோனால் குணம் கெட்டுப்போகும்’. இவையும் ஒரு வகையில் நாங்கள் தினமும் விழுங்குகிற குளிசைகள்தான்.

ஒக்சிடோசின் பற்றியும் சொல்லவேண்டும். ‘அன்பு ஓமோன்’ என்று யூடியூப்பில் அடிபடுகிற பெயர் இதுதான். பிரசவத்தில் கருப்பையைச் சுருங்கச் செய்வதும், தாய்ப்பாலை இறங்கச் செய்வதும் இதன் வேலை. 2005இல் இதை மூக்கில் விசிறிக்கொண்டவர்கள் அந்நியரைக் கூடுதலாக நம்பினார்கள் என்று ஒரு ஆய்வு வந்து உலகமெங்கும் செய்தியானது. அதில் கலந்துகொண்ட எல்லோரும் ஆண்கள். பிற்பாடு பெரிய அளவில் மீளச் செய்து பார்த்தபோது அந்த முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. அது அவ்வளவு பெரிய செய்தி ஆகவில்லை!

யுத்தத்தைக் கண்ட எங்களுக்கு இந்த ஓமோனின் மற்ற முகம் முக்கியம். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2010இல் காட்டியது இது: ஒக்சிடோசின் எடுத்த ஆண்கள் தங்கள் குழுவினரோடு கூடுதலாக ஒத்துழைத்தார்கள். அதே நேரம், தங்கள் குழுவுக்கு ஆபத்து என்று தெரிந்த மற்றக் குழுவுக்கு எதிராகத் தற்காப்பாக அடிக்கவும் கூடுதலாகத் தயாரானார்கள். அமெரிக்காவில் 2011இல் தாய்மாரை வைத்துச் செய்த ஆய்வொன்றும் இதற்குக் கிட்ட வருகிறது. வேண்டுமென்றே முரட்டுத்தனமாக நடந்த ஒருவருடன் போட்டி. வென்றவர் தோற்றவருக்குக் காது அடைக்கும் சத்தத்தைக் கேட்கவிடலாம். தாய்ப்பால் கொடுக்கும் தாய்மார், போத்தல்பால் கொடுப்பவர்களையும் பிள்ளை பெறாதவர்களையும் விடக் கூடுதலான, நீளமான சத்தத்தால் திருப்பி அடித்தார்கள். அப்போது அவர்களின் இரத்த அழுத்தமும் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. பதற்றமில்லாத கோபம். குஞ்சோடு நிற்கிற கோழிக்குக் கிட்டப் போனவர்களுக்கு இது புதினமாக இருக்காது. அன்பும் சண்டையும் வேறு வேறு போத்தல்களில் அடைக்கப்பட்டவை அல்ல.

2000ஆம் ஆண்டு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஷெல்லி டெய்லரும் சகாக்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆபத்து வந்தால் உயிரினம் சண்டை பிடிக்கும் அல்லது ஓடும் என்பதுதான் அதுவரை பாடம். பெண்கள் அதைவிட வேறொன்றையும் செய்கிறார்கள் என்றார் டெய்லர். பிள்ளைகளை அணைத்துக்கொள்கிறார்கள், மற்றப் பெண்களோடு சேர்ந்துகொள்கிறார்கள். ஏன் இது முதலில் தெரியவில்லை? 1995க்கு முந்திய மன அழுத்த ஆய்வுகூடச் சோதனைகளில் கலந்துகொண்டவர்களில் பெண்கள் நூற்றுக்கு 17 பேர் அளவில்தான் இருந்தார்கள். பெண்களின் ஓமோன்கள் மாதம் முழுவதும் மாறுவதால் முடிவுகள் குழம்பும் என்று சொல்லி அவர்களைச் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். உலகின் பாதிப் பேரை விட்டுவிட்டு மனிதரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2012இல் ஜேர்மனியில் ஆண்களைப் பதற்றத்துக்கு உள்ளாக்கிவிட்டுப் பார்த்தார்கள். நடுவர்களுக்கு முன்னால் பேசவும் கணக்குச் செய்யவும் விட்டார்கள். பதற்றப்பட்ட ஆண்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக நம்பினார்கள், கூடுதலாகப் பகிர்ந்தார்கள். சேர்ந்துகொள்வது பெண்களுக்கு மட்டும் உரியதல்ல.

இவ்வளவையும் வாசித்துக்கொண்டிருந்தபோது என் மனம் திரும்பத் திரும்ப 2009க்குத்தான் போனது. எனக்கு அப்போது பதினெட்டு வயது. புதுக்குடியிருப்பிலிருந்து மாத்தளன், பிறகு வலைஞர்மடம். மார்ச் மாதம் எனக்கு வரவில்லை. ஏப்ரலிலும் இல்லை. துணி இல்லாத இடத்தில் அது ஒரு நிம்மதியாகத்தான் இருந்தது. அக்காவுக்கும் இல்லை. பக்கத்து பங்கரில் இருந்த மூன்று பிள்ளைகளின் தாய்க்கும் இல்லை. வெட்கப்பட்டு ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு முகாமில்தான் ஒவ்வொருவராகச் சொன்னோம்.

பட்டினியும் பயமும் நீளும்போது மூளையின் அடியில் இருக்கும் ஐப்போதலமசு, முட்டையை வளர்க்கச் சொல்லும் சமிக்ஞையைக் குறைத்துவிடுகிறது. உடம்பு உயிரைக் காப்பாற்றுவதற்காகக் கருவளத்தை ஒத்திவைக்கிறது. ஈஸ்ட்ரஜனும் புரொஜெஸ்டரோனும் குறைந்துவிடும். இரண்டாம் உலகப் போரில் முகாம்களில் அடைக்கப்பட்ட பெண்களிடமும், 1944 - 45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பட்டினி கிடந்த பெண்களிடமும் வைத்தியர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். எங்களுக்கு நடந்ததை யாரும் பதிவு செய்யவில்லை என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. நான் இங்கே எழுதுவது அதற்காகவும்தான்.

அந்தப் பக்கத்து பங்கர் தாய் ஒருநாள் எங்களுக்கு ஒரு சுண்டு அரிசி தந்தார். அவரிடம் இருந்ததே இரண்டு சுண்டுதான். எங்கள் அம்மா அதைக் கஞ்சியாக்கி, அதில் ஒரு கோப்பையை அவருடைய பிள்ளைகளுக்குத் திரும்பக் கொடுத்துவிட்டார். புத்தகத்தின்படி பார்த்தால் அந்த இரண்டு பெண்களின் உடம்பிலும் ‘பெண் ஓமோன்’ என்று சொல்ல அதிகம் இருந்திருக்காது.

அதே பெண்களை நான் வேறு மாதிரியும் கண்டேன். செட்டிகுளம் மெனிக் பாமில் தண்ணீர் பவுசர் வரும்போது நாங்கள் வாளிகளால் அடிபட்டிருக்கிறோம். நானும் ஒரு அன்ரியைத் தள்ளி விழுத்தினேன். அவரின் முழங்கை உரசி இரத்தம் வந்தது. அதற்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆள் எங்கே என்றும் தெரியாது. சில கிழமைகளுக்குப் பிறகு எங்கள் பகுதிக்கு இன்னொரு பவுசர் வரத் தொடங்கியது. பெண்கள் தாங்களே கூடாரத்துக்கு ஒரு இலக்கம் போட்டு வரிசை வைத்தார்கள். சண்டை நின்றுவிட்டது. எங்கள் ஓமோன்கள் அந்தக் கிழமையில் மாறவில்லை. தண்ணீரின் அளவு மாறியது, வரிசைக்கு ஒரு நியாயம் வந்தது.

கர்ப்பகாலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓமோன் மாற்றம் என்றால் அதைவிடப் பெரியது பெண்ணின் வாழ்வில் இல்லை. 2017இல் வெளிவந்த ஆய்வொன்று, முதல் பிள்ளைக்கு முன்னரும் பின்னரும் பெண்களின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தது. மற்றவரின் மனதை விளங்கிக்கொள்ள உதவும் பகுதிகளில் சாம்பல்நிறப் பொருள் குறைந்திருந்தது. அந்த மாற்றம் குறைந்தது இரண்டு வருடங்கள் நீடித்தது. குறைவது என்றதும் பயப்படவேண்டாம். ஞாபக சக்திச் சோதனைகளில் அவர்கள் பின்தங்கவில்லை. தேவையில்லாத கிளையை வெட்டி மரத்தை ஒழுங்குபடுத்துவது போன்றதாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆக, உடம்பு தாயைத் தயார்படுத்துகிறது என்பது உண்மை. ஆனால் பிள்ளை பிறந்த சில நாட்களுக்குள் அந்த ஓமோன்கள் சடுதியாக விழுந்துவிடுகின்றன. அந்த நேரத்தில் அழுகிற, பிள்ளையில் பாசம் வரவில்லையே என்று பயப்படுகிற தாயிடம் ‘தானாக வரும்’ என்று சொல்லிவிட்டுப் போவது அவளைக் குற்றவாளியாக்குவதுதான். அவளுக்கு வேண்டியது நித்திரை, சாப்பாடு, பிள்ளையை ஒரு மணித்தியாலம் வைத்திருக்க இன்னொரு கை. இரண்டு கிழமைக்கு மேலும் நீடித்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம், உங்கள் பகுதி ‘மிட்வைஃப்’பிடம், கட்டாயம் சொல்லவேண்டும்.

திரும்பவும் அந்த நாற்பத்தொன்பது வயது அக்காவிடம் வருகிறேன். மாதவிடாய் நிற்பதற்கு முந்திய சில வருடங்கள் உண்மையில் சிரமமானவை. ஈஸ்ட்ரஜன் ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கும். உடம்பு திடீரென்று எரியும், வியர்க்கும், இரவில் நித்திரை முறியும். நித்திரையில்லாத மனிதர் யாரும் சிடுசிடுப்பார்கள்தான். ஆனால் நின்றபிறகு பெண் பயனில்லாதவள், குணம் கெட்டவள் என்பதற்கு ஆதாரம் இல்லை. எதிர்மாறாகத்தான் இருக்கிறது. தன்சானியாவில் ஹட்சா என்று ஒரு வேட்டையாடும் சமூகம் இருக்கிறது. மானிடவியலாளர் கிறிஸ்டன் ஹோக்ஸும் சகாக்களும் அங்கே பார்த்தது, பிள்ளை பெறும் வயதைக் கடந்த பெண்கள் கடும் நிலத்தில் கிழங்கு கிண்டி எடுப்பதையும், பேரப்பிள்ளைகளின் வளர்ச்சி அந்த உழைப்போடு தொடர்புபட்டிருப்பதையும். மனித இனத்தில் பெண்கள் கருவளம் முடிந்த பிறகும் பல பத்தாண்டுகள் வாழ்வதற்கு இந்தப் பாட்டிமாரின் உழைப்பே காரணமாக இருக்கலாம் என்பது ஹோக்ஸின் கருத்து.

கிழங்கு கிண்டும் பாட்டிமாரைப் பார்க்க நாங்கள் தன்சானியாவுக்குப் போகத் தேவையில்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். வவுனியா, முல்லைத்தீவு என்று அது பரவியது. அந்தக் கொட்டகைகளில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் ஐம்பதைக் கடந்த தாய்மார். ஒருவரின் பிள்ளைக்காக இன்னொருவர் வெயிலில் நின்றார். பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். ‘தாய்ப்பாசம்’ என்று அதைச் சொல்லிவிடுவது எல்லோருக்கும் வசதி. பாசத்துக்குப் பதில் சொல்லத் தேவையில்லை அல்லவா? அவர்கள் கேட்டது சட்டப்படி அரசு சொல்லவேண்டிய பதிலை.

நுண்கடனிலும் இதே வசதிதான். ‘பெண்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கமாட்டார்கள்’ என்ற நம்பிக்கையின் மேல்தான் குழுப்பிணை நிற்கிறது. யுத்தத்துக்குப் பிறகு பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் நிறைந்த ஊர்களுக்குள் இந்தக் கடன்கள் வந்தன. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்களை இருத்திவைத்தார்கள். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்திருந்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களை அரசு தள்ளுபடி செய்ய முன்வந்தது. நிலைமை எவ்வளவு மோசமாகியிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

கூட்டத்துக்கு மறுநாள் அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். கிணற்றடியில் உடுப்பு அலம்பிக்கொண்டிருந்தார்.

“ஏன் அக்கா கையெழுத்து வைக்கேல்லை?” என்று கேட்டேன்.

“போனமுறை ரெண்டு பேருக்குக் கட்டினனான் பிள்ளை. ஒருத்தி ஊரை விட்டே போட்டா. மற்றவளின்ர மனுசன் காசைக் குடிச்சுப்போட்டான். என்ர தோடு இன்னும் அடகில. இவளுக்கு அரிசி வேணுமெண்டால் குடுப்பன். பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போவெண்டால் போவன். கையெழுத்து வேற.”

“நித்திரை வருதோ?”

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். “எங்க வருது? சாமத்தில உடம்பு நெருப்பாக் கிடக்கு. எழும்பி முத்தத்தில போய் இருப்பன்.”

கடனை மறுத்ததற்குக் காரணம் தோடு. நித்திரை வராததற்குக் காரணம் ஓமோன். இரண்டும் ஒரே பெண்ணிடம் இருந்தன, ஆனால் ஒன்றையொன்று விளக்கவில்லை. ஊர் இரண்டையும் சேர்த்து ஒரே வரியாக்கிவிட்டதால், அவருடைய கணக்கும் கவனிக்கப்படவில்லை, உடம்பும் கவனிக்கப்படவில்லை.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக் பற்றிச் சொன்னேன். முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கானது, காசு இல்லை. இரத்த அழுத்தம், சீனி பார்ப்பார்கள், மார்பைப் பரிசோதிப்பார்கள், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கும் சோதனை செய்வார்கள். உடம்பு எரிவதையும் அங்கே சொல்லலாம். தைரொயிட் கோளாறு, மனச்சோர்வு போன்றவையும் இப்படியான சில அறிகுறிகளோடு வருவதுண்டு, ஆகவே ‘இது அதுதான்’ என்று வீட்டில் தீர்மானித்துவிடக்கூடாது. அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டத்தில் மற்றப் பெண் சொன்னதை நான் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது.

“நிக்கிற காலமெண்டு சொல்லியிருப்பாளவை” என்றார். பிறகு உடுப்பைப் பிழிந்தபடி கேட்டார்: “உந்தப் படிச்ச ஆக்கள் ஆம்பிளையளை வச்சும் பாத்தவையோ?”

ஜேர்மனியில் ஆண்களை வைத்துச் செய்த சோதனையைச் சொன்னேன். பதற்றம் வந்தால் அவர்களும் கூடுதலாக உதவினார்கள் என்றேன்.

“அப்ப குழுவில அவையளையும் சேக்கலாம்” என்றார். சொல்லிவிட்டு உடுப்பைக் கொடியில் போடப் போனார். நான் கிளம்பும்போது பின்னால் வந்து, கிளினிக் எந்தக் கிழமை என்று கேட்டார். பணிமனையின் தொலைபேசி இலக்கத்தை என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக் கிழித்துக் கொடுத்தேன்.